ரைஃபிள் தோட்டாக் கூடுகளைப் பிரித்துத் தயார் செய்வது எப்படி

சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பத் தயார் செய்வதுதான் இங்கே விஷயம். பிரஸ் (கைப்பிடியால் அழுத்தும் கருவி), டை (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) எல்லாம் மேசையில் பொருத்தியாயிற்று, தோட்டா நிரப்ப உங்கள் ஊர்ச் சட்டமும் இடம் தருகிறது என்று வைத்துக்கொண்டு, நேரே பிரிப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

குவியலில் சுடாத தோட்டா ஒன்றுகூட இல்லை என்று முதலில் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து, அளவு வாரியாகவும் தயாரிப்பாளர் வாரியாகவும் பிரியுங்கள். .223 கூட்டுக் குவியலில் .300 பிளாக்அவுட் என்ற வேறு அளவுக் கூடு எளிதாகக் கலந்துவிடும், இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். அளவு ஒன்றானாலும் தயாரிப்பாளர் மாறினால் சுவரின் தடிமன் மாறலாம், அதனால் உள்ளளவும் சுடும்போது எழும் அழுத்தமும் மாறும்.

கழுத்தில் வெடிப்பு இருந்தால் கழித்துவிடுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் அடிவரை விட்டுச் சுவரை ஒட்டி மேலே இழுத்துப் பாருங்கள். அடியிலிருந்து சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டினால், அந்தக் கூடு அடுத்த முறை இரண்டாகப் பிய்ந்துபோகக்கூடும். அதை இடுக்கியால் நசுக்கியே குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து நிரப்பிவிடக் கூடாது.

பழைய பிரைமரை, அதாவது அடியில் பொறி கிளப்பும் சின்னக் குப்பியை, தட்டி எடுத்த பிறகு கழுவுங்கள். எனக்கு டிரம்மில் தண்ணீரோடு ஸ்டீல் ஊசி போட்டு ஈரமாகச் சுழற்றுவதுதான் பிடிக்கும், ஏனென்றால் உலர் முறையில் பிரைமரின் ஈயத் தூசி பறக்கிறது. அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன, காரணம் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா என்பது 1921இல்தான் விளங்கியது.

இனி டை. என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான். லனோலினும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்த மசகைத் தெளித்த கையோடு பிரஸ்ஸை இறக்கினேன், பாதியில் கைப்பிடி கனத்தது, இன்னும் அழுத்தினேன், திரும்ப இழுத்தபோது விளிம்பு மட்டும் பிய்ந்து வந்து கூடு டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முறுக்கி இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. ஆல்கஹால் முழுக்கக் காய்ந்து லனோலின் மட்டும் மிஞ்ச வேண்டும், விரல் வைத்தால் மெழுகுபோல வழுக்க வேண்டும், அதுவரை காத்திருங்கள். கழுத்தின் உள்ளேயும் துளி படட்டும், ஆனால் கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் தேங்கினால் கூடு நெளியும். கைப்பிடி கனத்தால் அங்கேயே நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி மசகு போடுங்கள்.

நீளத்தை இதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும், டையில் போனால் கூடு நீளும். .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், 2.005க்கு வெட்டுங்கள். டயல் கேலிப்பரே போதும். வெட்டிய வாயின் பிசிரை உள்ளும் புறமும் சீவி, மசகைத் துடைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பிரைமர் தட்டும் ஊசி உடைகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டார்ச் அடித்துக் கூட்டுக்குள் பாருங்கள், நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர் வகை, ஓரமாக இரண்டு சின்னத் துளை என்றால் பெர்டன் வகை, நடுவில் துளை இல்லாததால் ஊசி முட்டி உடையும், அதைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய பிரைமர் போய்ப் புதியது உள்ளே இறங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ராணுவக் கூடு, பிரைமர் குழியின் வாய் உள்நோக்கி நசுக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்பை ரீமரால் லேசாகச் சீவினால் போதும், குழியை ஆழப்படுத்த வேண்டாம்.