துருப்பிடிக்காத கத்திக்குத் தோய்ச்சல்: உலையிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு

சமையல் கத்திக்கு எனக்குப் பிடித்தது ஏஇபி-எல் எஃகு. ஸ்வீடனின் உடெஹோல்மில் சவர பிளேடுக்காக உருவானது. கார்பன் சுமார் 0.67%, குரோமியம் 13%. வெட்டி, ராவி, துளை போட்ட 2.5 மி.மீ. கனமுள்ள அலகு (கத்தியின் வெட்டும் பகுதி) கையில் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அதை மெல்லிய ஸ்டெயின்லெஸ் எஃகுத் தாளில் சுற்றி, ஓரங்களை இரட்டையாக மடித்து அழுத்துங்கள். உள்ளே சின்னக் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டால் அது எரிந்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். எஃகுத் தாளின் ஓரம் கையை அறுக்கும்; கையுறை கட்டாயம்.

உலை 1070 டிகிரி செல்சியஸ், சூடு நிலைத்த பிறகு 10 நிமிடம். மின்சார உலையே வாங்குங்கள். கரி உலையில் இந்தச் சூட்டைப் பிசகாமல் பிடிப்பது பெரும்பாடு.

இனிதான் முக்கியமான இடம்: தோய்ச்சல், அதாவது சூட்டைச் சட்டென இறக்குவது. பொட்டலத்தைப் பிரிக்காமல், எடுத்த கையோடு 25 மி.மீ. கனமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். மடிப்புகள் தகடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் சிக்கினால் அந்த இடத்தில் தகடு அலகோடு ஒட்டாது, சூடு இறங்காது.

காற்றில் ஆறவிட்டாலும் இந்த எஃகு கெட்டிப்படும், அரத்தால் ராவிப் பார்த்தால் கடிக்காமல் வழுக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். 1070 டிகிரியில் கார்பனும் குரோமியமும் இரும்புக்குள் கரைந்து நிற்கின்றன. மெதுவாக ஆறினால் இரண்டும் சேர்ந்து எஃகின் படிக எல்லைகளில் கார்பைடாக (கார்பனும் உலோகமும் சேர்ந்த துகளாக) பிரியும். கடினம் தரும் கார்பனும் குறையும், துருவைத் தடுக்கும் குரோமியமும் குறையும். சட்டெனக் குளிர்ந்தால் இரண்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உலர் பனியும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்த தொட்டியில் அரை மணி நேரம். மாறாமல் மிஞ்சிய ஆஸ்டெனைட் (உலைச் சூட்டில் எஃகு இருக்கும் மெதுவான வடிவம்) மார்ட்டென்சைட்டாகும் (கெட்டியான வடிவம்). கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் ஓரிரண்டு புள்ளி ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீ கூடாது.

அப்புறம் நொறுங்கும் தன்மை குறைய, 175 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை. 450 டிகிரிப் பக்கம் போகவே வேண்டாம். கரைந்திருந்த குரோமியம் அங்கே மறுபடி கார்பைடாகிவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் அலகில் பழுப்புப் புள்ளி வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அலகைத் தேய்க்கும் உங்கள் உராய்வு பெல்ட்டைப் பாருங்கள். சாதாரண எஃகைத் தேய்த்த பெல்ட் என்றால் அதிலிருக்கும் இரும்புத் துகள் அலகில் பதிந்து, அதுதான் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸுக்கென்று தனி பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.