ஜிப்சம் போர்டு சுவர்: செங்கல் புத்தியால் வரும் தவறுகள்

எங்கள் ஃபிளாட்டில் ஹாலின் ஒரு ஓரத்தைத் தடுத்து, மகள் படிக்க ஓர் அறை எடுக்க நினைத்தோம். செங்கல் வேண்டாம், ஜிப்சம் போர்டு போதும் என்று முடிவானது. முடிவு சரிதான். இரு பக்கமும் பூசிய நான்கரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடை வரும். ஜிப்சம் தடுப்பு 25 கிலோவை ஒட்டி நின்றுவிடும். மாடி ஸ்லாபின் நடுவில் நிறுத்துகிற சுவருக்கு இது சின்ன வித்தியாசமில்லை. ஆனால் ஆறு மாதத்தில் மூன்று இடங்களில் விரிசல். கீழே ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. பிரித்துப் பார்த்து மறுபடி செய்தபோதுதான் புரிந்தது. ஆசாரியும் பெயின்டரும் நானும் சேர்ந்து, போர்டுச் சுவரைச் செங்கல் சுவர்போலவே நடத்தியிருக்கிறோம்.

முதலில் தண்ணீர். போர்டு என்பது இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சத்தை வார்த்து இறுக்கிய பலகை. வளையாமல் உடையாமல் நிற்க அந்தக் காகிதம்தான் துணை. நம் வீடுகளில் தரையை மாப் போட்டுத் துடைப்பதோடு விடுவதில்லை. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவோம். போர்டின் அடி விளிம்பு தரையில் முட்டிக்கொண்டு நின்றால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுக்கும். செங்கல் சுவர் நனைந்தாலும் காய்ந்துவிடும். நனைந்த போர்டு உதிர ஆரம்பிக்கும், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் தரைக்கும் போர்டுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை சீலன்ட் கொண்டு அடைத்து, மேலே டைல் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) ஒட்ட வேண்டும். கழுவாமல் இருக்கவே முடியாது என்கிற வீடு என்றால், முதலில் மூன்று அங்குல உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு வரப்பு கட்டி, அதன்மேல் சேனலை (சுவரின் சட்டம் உட்காரும் இரும்புத் தடத்தை) பொருத்துங்கள். நான் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன்.

பச்சை நிற போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது ஈரக்காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். குளியலறையில் ஷவர் தண்ணீர் அடிக்கிற பக்கத்துக்கு சிமென்ட் ஃபைபர் போர்டு போட்டு, டைலுக்கு அடியில் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சும் கொடுத்தாக வேண்டும். தரைத்தள வீடாக இருந்தால் கரையானுக்கு மருந்து அடித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. ஜிப்சத்தை அது தின்னாது, காகிதத்தைத் தின்னும்.

அப்புறம் சட்டம். தரையிலும் ஸ்லாபிலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல், அவற்றுக்கு நடுவே ஸ்டட் எனப்படும் செங்குத்துக் கம்பங்கள் இரண்டடிக்கு ஒன்று. போர்டின் அகலம் நான்கடி என்பதால் அதன் விளிம்பு சரியாக ஒரு ஸ்டட்டின் நடுவில் வந்து உட்காரும். இரண்டு ஸ்டட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று இடைவெளியைக் கூட்டினால், சாய்ந்து நிற்கும்போதே சுவர் அசையும். விளிம்பு பிடிமானம் இல்லாமல் தொங்கும். கொத்தனார் கடைசிக் கல்லை ஸ்லாபுக்கு அடியில் இறுக்கிச் செருகுவார் இல்லையா? அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. ஸ்டட்டைச் சில மில்லிமீட்டர் குட்டையாகவே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லாப் கொஞ்சம் தாழ்ந்தாலும் அழுத்தம் நேராகப் போர்டுக்கு வந்து விரிசலாக வெளிப்படும்.

சத்தத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஃபால்ஸ் சீலிங் இருக்கிற அறையில் பல பேர் தடுப்பை அந்த சீலிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். டி.வி. சத்தம் சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். சுவர் ஸ்லாப் வரை போக வேண்டும், உள்ளே கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைக்க வேண்டும். இரு பக்கத்து ஸ்விட்ச் பெட்டிகளையும் முதுகோடு முதுகாக வைக்கவும் கூடாது. அது சுவரில் ஜன்னல் வைத்த மாதிரி.

ஒரு பக்கம் போர்டு அடித்து, மறுபக்கம் மூடுவதற்கு முன்னால் ஒரு நாள் நிறுத்துங்கள். வயரிங் பைப் எல்லாம் போய்விட்டதா? டி.வி., புத்தக அலமாரி, ஏ.சி., திரைக்கம்பி எங்கெங்கே வரும்? அந்த இடங்களிலெல்லாம் ஸ்டட்டுகளுக்கு நடுவே பிளைவுட் பலகை வைத்து முடுக்க வேண்டும். செங்கல் சுவரில் எங்கே வேண்டுமானாலும் ட்ரில் போட்டு ஃபிஷர் அடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இங்கே செல்லாது. காலண்டருக்கு ஓர் ஆணி தாங்கும்; புத்தகம் நிறைந்த அலமாரி போர்டைப் பிய்த்துக்கொண்டு விழும். மூடுவதற்கு முன் அளவு டேப்பைச் சட்டத்தின்மேல் பிடித்து நாலைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளைவுட் எங்கே, வயர் எங்கே என்று பிற்பாடு தேட வேண்டியிருக்காது.

ஸ்க்ரூ விஷயம் சின்னது, ஆனால் பெயின்ட் அடித்த பிறகு கொப்புளம் கொப்புளமாகத் தெரிவது அதனால்தான். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ, அடிக்கு ஒன்று. தலை ஒரு மயிரிழை உள்ளே போக வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்துவிட்டால் அந்த ஸ்க்ரூவுக்குப் பிடிமானமே இல்லை; இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டுவிடுங்கள்.

இனி இணைப்பு. எங்கள் வீட்டு விரிசல்களில் இரண்டு இங்கிருந்துதான் வந்தன. போர்டின் நீள விளிம்பு கொஞ்சம் சரிவாக இருக்கும். இரண்டு சேரும்போது ஆழமில்லாத ஒரு பள்ளம் கிடைக்கும். அதில் ஜாயின்ட் காம்பவுண்டை (போர்டு இணைப்புக்கென்றே வரும் பூச்சு மாவை) நிரப்பி, பேப்பர் டேப்பை அழுத்திப் பதித்து, காய்ந்ததும் இன்னும் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக இழுக்க வேண்டும். எங்கள் பெயின்டர் டேப்பே வைக்கவில்லை. சுவருக்குப் பூசுகிற ஒயிட் சிமென்ட் பட்டியை அடைத்துத் தேய்த்துவிட்டார். கையால் தடவினால் வழவழவென்று அருமையாக இருந்தது. டேப் இல்லாத அந்தப் பட்டிக்குப் போர்டின் அசைவைத் தாங்கத் தெம்பில்லை, கதவு நாலு முறை சாத்தினதும் கோடு விழுந்துவிட்டது.

கதவு மூலையில் இன்னொரு தவறு. கதவு நிலையின் மேல் மூலைக்கு நேராகவே இரண்டு போர்டு சேரும் கோட்டை விட்டுவிட்டோம். அதிர்வு முழுக்கச் சேருகிற இடம் அது. ஒரே போர்டை ‘ட’ எழுத்துப் போல வெட்டி மூலையைச் சுற்றிப் போட வேண்டும். நான்கு போர்டுகளின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்காமல் செங்கல் வரிசைபோல மாற்றி மாற்றி அடுக்குவதும் இதற்காகத்தான். செங்கல் புத்தி உதவிய ஒரே இடம் இது.

காம்பவுண்டைத் தடிமனாக ஒரே பூச்சில் முடிக்கவும் ஆசை வரும். காயும்போது சுருங்குகிற பொருள் அது. தடித்தால் உள்வாங்கும், வெடிக்கும். பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் போதாது. தொட்டால் ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். 150ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். அந்த மாவு உள்ளே போய்விட்டால் சர்வீஸ் செலவு தனி.

பழைய பூச்சுச் சுவரும் போர்டும் சேருகிற மூலையில் என்ன செய்தாலும் மயிர்க்கோடு விழும். இரண்டும் வேறு வேறு விதமாக விரிந்து சுருங்குகின்றன. அங்கே பட்டி வேண்டாம். பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் இழுத்துவிடுங்கள், அது கூடவே அசைந்துகொடுக்கும்.

பெயின்டர் வருவதற்கு முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக் காலையில் சரிசெய்யுங்கள். பிறகு கட்டாயம் ப்ரைமர்; காகிதமும் காம்பவுண்டும் பெயின்டை ஒரே அளவில் குடிக்காது, ப்ரைமர் இல்லாவிட்டால் இணைப்புகள் பட்டை பட்டையாகத் தெரியும். பளபளக்கும் பெயின்ட் வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். டார்ச்சை அடித்துக் காட்டினேன், பளபளப்பில்லாத ‘மேட்’ பெயின்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள்.