காம்பாக்ட் எஸ்யூவிக்கு அடுத்து என்ன கார்? மொதல்ல ஒரு நோட்டு எடுங்க

அஞ்சாறு வருஷம் ஒரு காம்பாக்ட் எஸ்யூவி, அதாவது கிராஸ்ஓவர் ஓட்டியாச்சு, அடுத்த கார் பாக்கலாம்னு ஆரம்பிக்கும்போது முக்காவாசி பேர் பண்றது ஒன்னுதான், அதே கம்பெனியில இதவிட ஒரு சைஸ் பெருசா என்ன இருக்குன்னு பாக்குறது. நானும் அதத்தான் பண்ணேன். மூணு வாரம் ராத்திரி ராத்திரியா ரிவ்யூ வீடியோ பாத்து கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம், ஒவ்வொரு வீடியோ முடியும்போதும் அந்த வீடியோல வந்த கார்தான் நல்ல கார்னு தோணுச்சு. அப்புறம்தான் உருப்படியா ஒரு வேலை பண்ணேன், ஓட்டுற வண்டிய நான் உண்மையில எதுக்கு ஓட்டுறேன்னு எழுத ஆரம்பிச்சேன்.

டேஷ்போர்டு டிராயர்ல ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா போட்டு வைங்க. எட்டு வாரம். வண்டிய நிறுத்தும்போதெல்லாம் ஒரே ஒரு வரி: எத்தன பேர் வந்தோம், டிக்கி எவ்ளோ நெறஞ்சுது, எத்தன கிலோமீட்டர், எங்க எரிச்சலாச்சு. அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம், "ஒன்னும் இல்ல"ன்னா அதையும் எழுதுங்க. என் நோட்டுல 74 வரி இருந்துச்சு, அதுல 51 தடவ நான் தனியாவோ கூட ஒரே ஒரு ஆளோட, அஞ்சு பேரும் போனது 6 தடவ, டிக்கி பத்தாம போனது ரெண்டே ரெண்டு தடவ, மண் ரோடு மூணு தடவ. 7 சீட்டர் இல்லாம இனி காலம் தள்ள முடியாதுன்னு வீட்ல சண்ட போட்டது நான்தான், எழுதினதும் நான்தான், அதனால யாரையும் கொற சொல்ல முடியல. எரிச்சல்ல மொத இடம் ஹைவேல சத்தம், ரெண்டாவது பெட்ரோல், மூணாவது அம்மா ஏறி எறங்குறது.

இங்க ஒரு விஷயம். எரிச்சல்ல பாதி காரோட கொறையே இல்ல, வயசான பார்ட்ஸோட கொற. டயர் பக்கவாட்டுல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற ஒரு கோடு இருக்கும், அதுல கடைசி நாலு நம்பர பாருங்க, 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர். ஆறு வருஷம் வெயில்ல காஞ்ச ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும், சத்தமும் வரும், மழையில பிரேக் புடிக்கவும் லேட்டாகும். ஷாக் அப்சார்பர் தேஞ்சிருந்தா ஸ்பீட் பிரேக்கர் தாண்டினதும் வண்டி ரெண்டு மூணு தடவ ஆடும், "இந்த கார்ல ரைடு சரியில்ல"ன்னு நாம நெனச்சுப்போம். சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியா கியர் மாறாத ஆட்டோமேட்டிக்) வண்டின்னா ஆயில் கடைசியா எப்போ மாத்தினதுன்னு சர்வீஸ் பில்லுல தேடுங்க, பல பேர் மாத்தினதே கெடையாது. நான் நாலு டயரும் ஷாக்கும் மாத்தினேன், அடுத்த மூணு வாரம் நோட்டுல சத்தம்ங்கிற வார்த்தையே வரல. உங்களுக்கு அதோட கதை முடிஞ்சா ரொம்ப சந்தோஷம், இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுங்க, மேல படிக்க வேணாம்.

முடியலன்னா அடுத்தது வடிவம். மொதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கங்க, நீங்க இவ்ளோ நாள் ஓட்டினதும் கார்தான், கொஞ்சம் ஒசரமான கார். டொயோட்டா ரேவ்4 1994ல வந்துச்சு, ஹோண்டா சிஆர்-வி 1995, சுபாரு ஃபாரஸ்டர் 1997, இந்த வகையே அப்போதான் புடிச்சுது. சிஆர்-வி சிவிக் காரோட அடிப்படையில செஞ்சது, ஃபாரஸ்டர் இம்ப்ரெஸாவோடது. லாரி மாதிரி தனி சேசிஸ் மேல பாடி வெச்ச வண்டி இல்ல இதெல்லாம். அதனால இதுல இருந்து ஸ்டேஷன் வேகனுக்கோ (கூரை டிக்கி வரைக்கும் நீண்டு போற தாழ்வான கார்) ஹேட்ச்பேக்குக்கோ போனா நீங்க இழக்குறது நெறைய பேர் பயப்படுற அளவுக்கு இல்ல: கொஞ்சம் கிரவுண்ட் கிளியரன்ஸ், கொஞ்சம் சீட் ஒசரம், அவ்ளோதான். அந்த ரெண்டும் உங்களுக்கு எவ்ளோ முக்கியம்ங்கிறது நோட்டுலயே இருக்கும்.

7 சீட்டர் பத்திதான் நெறைய பேசணும், ஏன்னா ஜாஸ்தி ஏமாற்றம் அங்கதான். மூணாவது வரிசையில சீட் இருக்குங்கிறது வேற, அங்க ஆள் உக்காரலாம்ங்கிறது வேற. ஷோரூம்ல நீங்களே பின்னாடி போய் உக்காருங்க, ரெண்டு நிமிஷம் இல்ல, டெஸ்ட் டிரைவ் முழுக்க. நான் உக்காந்தப்போ முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு பக்கத்துல, தல கூரையில இடிச்சுது, சேல்ஸ் பையன் ரொம்ப பவ்யமா "கொழந்தைங்களுக்கு வசதியா இருக்கும் சார்"னான். அடுத்து டிக்கி. ஸ்கோடா கோடியாக் மொத தலைமுறை 7 சீட்டர்ல எல்லா சீட்டும் நிமுந்து இருக்கும்போது டிக்கி 270 லிட்டர், ஒரு சின்ன ஹேட்ச்பேக் அளவு. அதாவது ஏழு பேர் போகலாம், இல்ல ஏழு பேரோட சாமான் போகலாம். எடையும் பாருங்க, டிரைவர் கதவ தெறந்தா தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ வண்டி மொத்தம் எவ்ளோ தாங்கும்னு போட்டிருக்கும். ஆளுக்கு 75 கிலோன்னு வெச்சாலே ஏழு பேர் 525 கிலோ, சாமான் இன்னும் ஏத்தவே இல்ல.

மாசத்துல நாலு தடவையாவது ஆறு ஏழு பேர் போறீங்கன்னா நேரா எம்பிவிக்கு, அதாவது வேன் மாதிரி இருக்குற குடும்ப வண்டிக்கு போங்க, வெக்கப்படாதீங்க. கியா கார்னிவல், டொயோட்டா சியன்னா மாதிரி வண்டியில பக்கவாட்டு கதவு நகர்ந்து தெறக்கும், ஒடுக்கமான பார்க்கிங்ல கொழந்தை கதவ தள்ளி பக்கத்து கார்ல இடிக்கிற பிரச்சனையே கெடையாது. பாக்க வேன் மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உள்ள உக்காந்து நீண்ட பயணம் போனதும் அதையே பேச மாட்டாங்க. வருஷத்துக்கு நாலு தடவதான்னா அந்த நாலு தடவைக்கு வண்டி வாடகைக்கு எடுங்க, கணக்கு போட்டு பாத்துட்டு சொல்லுங்க.

டிக்கிதான் பிரச்சனைன்னா ஒசரமான வண்டி தேவையில்ல, நீளமான வண்டி போதும். நிஸான் காஷ்காய்ல டிக்கி 500 லிட்டர் சொச்சம், ஸ்கோடா ஆக்டேவியா ஸ்டேஷன் வேகன்ல 640 லிட்டர். ஆனா ஆக்டேவியா ஒரு சாணுக்கு கொஞ்சம் மேல நீளம் ஜாஸ்தி, உங்க பார்க்கிங்ல நிக்குமான்னு மொதல்ல அளந்துக்கங்க. இந்த லிட்டர் கணக்கையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க, ஐரோப்பால 20 செ.மீ, 10 செ.மீ, 5 செ.மீ இருக்குற கட்டைகள டிக்கில அடுக்கித்தான் எண்ணுறாங்க, மூலை முடுக்குல கட்டை நுழையும், உங்க சூட்கேஸ் நுழையாது. இன்ச் டேப் எடுத்துட்டு போய் வாசல் அகலம், ரெண்டு வீல் ஆர்ச்சுக்கு (சக்கரத்துக்கு மேல உள்ள புடைச்சு வர்ற பகுதி) நடுவுல அகலம், தரையில இருந்து டிக்கி விளிம்பு எவ்ளோ ஒசரம், இந்த மூணையும் அளங்க. மூணாவதுதான் இடுப்ப காப்பாத்தும்.

பெட்ரோல் செலவுதான் நோட்டுல மேல இருக்குன்னா, எங்க ஓட்டுறீங்கங்கிறத பொறுத்து பதில் மாறும். ஹைவேல ஜாஸ்தி ஓடுறவங்களுக்கு எதிரி காத்து. வேகம் ஒன்னேகால் மடங்கானா காத்தோட எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல, 100ல இருந்து 120க்கு போனாலே 44 சதவீதம் ஏறுது. ஒசரமா அகலமா இருக்குற மூஞ்சி அந்த காத்த முழுசா வாங்குது, அதனால தாழ்வான செடானோ வேகனோ அங்க கண்கூடா மிச்சம் காட்டும். டவுனுக்குள்ள நின்னு நின்னு போறவங்களுக்கு வடிவம் பெருசா ஒன்னும் பண்ணாது, பெட்ரோல் இன்ஜினோட மோட்டாரும் சேந்து ஓடுற ஹைப்ரிட்தான் பண்ணும், பிரேக் அடிக்கும்போது வீணா போற சக்திய பேட்டரில புடிச்சு வெச்சுக்குது, அதான் சங்கதி.

பிளக்-இன் ஹைப்ரிட் (வெளியில இருந்தும் சார்ஜ் போடுற ஹைப்ரிட்) வாங்குறவங்களுக்கு ஒரே கேள்வி, தெனமும் ராத்திரி பிளக் போடுவீங்களா? மாட்டீங்கன்னா ஒரு கனமான பேட்டரிய சும்மா சுமந்துட்டு போற பெட்ரோல் கார்தான் அது. எலக்ட்ரிக் காருக்கும் மொத கேள்வி பேட்டரி சைஸ் கெடையாது, வண்டி நிக்கிற எடத்துல கரண்டு இருக்கா. சாதாரண 2.3 கிலோவாட் பிளக் பாயின்ட்ல 10 மணி நேரம் போட்டா 23 யூனிட், சார்ஜிங்ல கொஞ்சம் போக மிச்சத்துல, 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் குடிக்கிற கார்னா சுமார் 120 கிலோமீட்டர் ஓடும். உங்க நோட்டுல ஒரு நாள் ஓட்டம் அதவிட கம்மின்னா தனி சார்ஜர் கூட ஒடனே வேண்டியதில்ல. நிக்கிற எடத்துல கரண்டே இல்ல, எங்கயாவது போய் வரிசையில நின்னு போடணும்னா, என் கருத்துல இந்த தடவ ஹைப்ரிட்லயே நில்லுங்க.

நாலு வீல் டிரைவ் பத்தி ரெண்டு வரி. சேறுல, பனியில வண்டிய நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துறது எல்லா காருக்கும் அந்த நாலு டயர்தான். மண் ரோடு வருஷத்துக்கு மூணு தடவன்னா அந்த காச நல்ல டயர்ல போடுங்க.

இப்போ அம்மா கதை. எனக்கு மனசு முழுக்க ஸ்டேஷன் வேகன் மேல, ஹைவேல ஓட்டிப் பாத்தேன், தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. அம்மாவ கூட்டிட்டு போய் பின் சீட்ல உக்கார வெச்சேன், உக்காந்தாங்க, எறங்க முடியல, முட்டிய புடிச்சுட்டு மூணாவது முயற்சில என் கைய இழுத்துட்டு எழுந்தாங்க. அன்னிக்கே பக்கத்துல நின்ன ஒரு பெரிய சேசிஸ் எஸ்யூவில ஏத்திப் பாத்தேன், ஒரு கால் ஃபுட்போர்டுல வெச்சு, மேல கைப்பிடிய புடிச்சுட்டு, திரும்பி என்னப் பாத்து "ஏணி எங்கடா"ன்னு கேட்டாங்க. அப்போதான் இன்ச் டேப்ப எடுத்து தரையில இருந்து சீட் வரைக்கும் அளந்தேன், வேகன் 50 செ.மீ, பெரிய எஸ்யூவி 80, எங்க பழைய கார் 66. உக்காருறவங்க பின்பக்கத்தோட ஒசரத்துக்கு கிட்டத்தட்ட சமமா சீட் இருந்தா சும்மா சாஞ்சு நகந்து உக்காந்துடலாம், கீழயும் குனிய வேணாம், மேலயும் ஏற வேணாம். வயசானவங்க இருக்குற வீட்ல சன்ரூஃப், ஸ்க்ரீன் சைஸ் எல்லாத்துக்கும் முன்னாடி இந்த ஒரு நம்பர பாருங்க.

டெஸ்ட் டிரைவ்னு பத்து நிமிஷம் அவங்க சொல்ற ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வர்றது டிரைவே கெடையாது. உங்க சாமான எடுத்துட்டு போங்க, ஸ்ட்ரோலரோ, பெரிய சூட்கேஸோ, வீல்சேரோ, எதுவோ. டிரைவர் சீட்ட உங்களுக்கு ஏத்த மாதிரி வெச்சுட்டு அப்படியே எறங்கி பின்னாடி போய் உக்காருங்க, முட்டிக்கு எடம் இருக்கான்னு அப்போதான் தெரியும். குழந்தை சீட் இருந்தா மாட்டிப் பாருங்க, அத மாட்டுற ஐஸோஃபிக்ஸ் கொக்கி எல்லா கார்லயும் 28 செ.மீ இடைவெளிதான், ஆனா சில கார்ல அது சீட் துணிக்குள்ள அவ்ளோ ஆழமா இருக்கும், வெரல் நகம் பேந்துடும். முடிஞ்சா ராத்திரி ஒரு தடவ ஓட்டுங்க, ஹெட்லைட் பகல்ல தெரியாது. ஓடும்போது ஏசி வேகத்த ரோட்டுல இருந்து கண்ண எடுக்காம மாத்த முடியுதான்னும் பாருங்க, எல்லாத்தையும் டச் ஸ்க்ரீனுக்குள்ள போட்டு பூட்டி வெச்சிருக்குற காருங்க எனக்கு சுத்தமா புடிக்கல.

செலவுல வண்டி வெலைய மட்டும் பாக்காதீங்க, ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதையாயிடும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த மாடலோட டயர் சைஸ எழுதிட்டு போய் டயர் கடையில நாலுக்கு எவ்ளோன்னு கேளுங்க, 19 இஞ்ச் வீல் பாக்க அழகா இருக்கும், வெலைய கேட்டா அழகு போயிடும். அதே மாடல்ல ஒரு வேரியன்ட் கீழ 17 இஞ்ச் வீலோட இருந்தா எனக்கு அதுதான் பெட்டர், டயர் பக்கவாட்டு ஒசரம் ஜாஸ்தி, குழியில அடி கம்மி. இன்ஷூரன்ஸும் அஞ்சு வருஷ சர்வீஸ் செலவும் அதே பேப்பர்ல எழுதிக்கங்க.

நான் கடைசியா எடுத்தது அதே சைஸ் கிராஸ்ஓவர்தான், ஹைப்ரிட், சீட் ஒசரம் 65. சுத்தி சுத்தி அங்கயே வந்தியான்னு எல்லாரும் சிரிச்சாங்க, சிரிக்கட்டும்.

பழைய வண்டிய குடுக்கும்போது ஸ்க்ரீன்ல இருந்து உங்க ஃபோன், கான்டாக்ட், மேப்ல சேவ் பண்ண வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் போடுங்க. கம்பெனி ஆப்ல இருந்தும் உங்க பேர எடுத்துடுங்க, நான் மறந்துட்டேன், மூணு வாரம் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு "உங்கள் காரின் டிக்கி திறந்திருக்கிறது"ன்னு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு பார்க்கிங் வரைக்கும் போயிட்டேன்.