தீவில் பறவை பார்க்கக் காற்றே வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஃபேர் தீவுக்கு ஆகஸ்ட் இறுதியில் பறவை பார்க்கப் போகிறீர்களா? விடிந்ததும் காற்றின் திசையைக் கவனியுங்கள். இரவில் தென்கிழக்குக் காற்றும் மழையும் இருந்திருந்தால், ஸ்காண்டிநேவியாவிலிருந்து தெற்கே கிளம்பிய சிறு பறவைகள் வழிவிலகி இங்கே இறங்கியிருக்கலாம். தீவில் மரங்கள் மிகக் குறைவு. கல்சுவர் ஓரம், ஓடைப் பள்ளம், பயிர்களின் இடுக்கு, இங்கெல்லாம்தான் அவை ஒதுங்கும். மெதுவாக நடங்கள். கடல் கடந்து களைத்து வந்த பறவையைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவது கொடுமை. அது நிம்மதியாக இரை தேடட்டும்.

பறவையின் காலில், அதை அடையாளம் காண ஆய்வாளர்கள் எண் பொறித்து மாட்டிய உலோக வளையம் தெரிந்தால் பல கோணங்களில் படமெடுங்கள். அந்த எண், வளையத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருப்பதால் ஒரே படத்தில் முழுவதும் வராது. தேதி, இடம் குறித்துக்கொண்டு, தீவில் 1948-இல் தொடங்கப்பட்ட பறவைக் கண்காணிப்பு நிலையத்தில் சொல்லுங்கள்.