ஒரு வேரைப் பிடித்தால் நான்கு வார்த்தை

போட்டித்தேர்வுக்குப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் கடினமான ஆங்கில வார்த்தைகளை நோட்டில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பாவம், இரண்டு வாரத்தில் பாதி மறந்துவிடும். வார்த்தையின் வேரைப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

'கான்ஃப்ளூயன்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'ஃப்ளூயரே' என்றால் பாய்வது, 'கான்' என்றால் சேர்ந்து. சேர்ந்து பாய்வது, அதாவது சங்கமம். கன்னியாகுமரியில் முக்கடலும் கூடும் இடத்தில் காலை நனைத்தவர்களுக்கு இந்த அர்த்தம் மறக்கவே மறக்காது.

அப்புறம் அதே வேரில் மற்றவை தானாக வரும். 'சூப்பர்ஃப்ளுவஸ்' என்றால் மேலே வழிந்து ஓடுவது. பேச்சிப்பாறை அணை நிரம்பி உபரி நீர் வெளியேறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மிஞ்சியது என்று பொருள். 'அஃப்ளுயன்ட்' என்றால் செல்வம் வந்து பாய்கிற ஆள், வசதியானவர். 'ஃப்ளக்சுவேட்' இதே வேரில் வந்த, அலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது; அலைபோல ஏறி இறங்குவது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் விலை ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் எல்லாம் ஒரே வேர் என்று நினைத்துவிடக் கூடாது. பறந்தது என்ற பொருளில் வரும் 'ஃப்ளூ'வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் சொல்லின் தோற்றம் தந்திருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேர் போதும். ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்கள் வீடு, தெரு, தோட்டம் பற்றி ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதுங்கள். மூன்றாம் நாள் நோட்டைத் திறக்காமல் அதைச் சொல்லிப் பாருங்கள்.