கல்லூரி மாறியவர்கள் ரெஸ்யூமேயில் ஜிபிஏவை எழுத வேண்டிய முறை

கலிபோர்னியாவில் முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் குறைந்த செலவில் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பெர்க்லி, டேவிஸ், சான் ஹோசே ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு மாறிச் செல்லும் மாணவர்கள் ஏராளம்; அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. புதிய வளாகத்தில் வகுப்பறைகளைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஒரே ஜிபிஏ (4-க்குக் கணக்கிடப்படும் சராசரி மதிப்பெண்) பழைய கல்லூரியுடையது. ரெஸ்யூமேயில் புதிய பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி, அதே வரியில் பழைய எண்ணைச் சேர்த்துவிடுவது இப்படித்தான் நிகழ்கிறது. எழுதுபவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய எண் 3.82 என்றால், படிப்பவர் அது பெர்க்லியில் வாங்கியது என்றே புரிந்துகொள்வார். அது உண்மை அல்ல.

கல்லூரி மாறும்போது யூனிட்டுகள் (முடித்த பாடங்களின் அளவைக் காட்டும் கிரெடிட்டுகள்) கூடவே வருகின்றன, மதிப்பெண்கள் வருவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில், கம்யூனிட்டி காலேஜில் படித்த பாடங்கள் பட்டத்துக்குத் தேவையான யூனிட்டுகளாக ஏற்கப்படும். பல்கலைக்கழகத்தின் ஜிபிஏ மட்டும் அங்கே படித்த பாடங்களை வைத்தே கணக்கிடப்படும். ஆகவே மாறி வந்த மாணவருக்கு இரண்டு டிரான்ஸ்கிரிப்டுகள் (மதிப்பெண் பட்டியல்கள்), இரண்டு ஜிபிஏக்கள். அந்தந்த எண்ணை அந்தந்தக் கல்லூரியின் பெயருக்குக் கீழே எழுதிவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

குப்பர்ட்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரியிலிருந்து பெர்க்லிக்குச் சென்ற ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். டி ஆன்சாவில் 90 குவார்ட்டர் யூனிட் (குவார்ட்டர் என்பது செமஸ்டரைவிடக் குறுகிய பருவம்), ஜிபிஏ 3.82. பெர்க்லியில் இரண்டு செமஸ்டர் முடிந்து 28 யூனிட், ஜிபிஏ 3.14. அவருடைய ரெஸ்யூமேயில் பெர்க்லி மேலே வரும். அதன் கீழே பட்டத்தின் பெயர், படிப்பு முடியவிருக்கும் மாதமும் ஆண்டும், ‘ஜிபிஏ 3.14/4.00’. அடுத்து டி ஆன்சா. அதன் கீழே படித்த காலம், ‘ஜிபிஏ 3.82/4.00’. பெர்க்லியில் முதல் செமஸ்டரே இன்னும் முடியவில்லை என்றால் அங்கே எண் எதுவும் எழுதாமல், ‘முதல் செமஸ்டர் நடைபெறுகிறது’ என்று குறிப்பிட்டு, டி ஆன்சாவின் எண்ணை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.

இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல விரும்புவோர் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். 3.82, 3.14 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3.48 வரும், இரு கல்லூரிகளிலும் படித்த யூனிட்டுகள் சமம் அல்ல என்பதால் இது தவறு. 90 யூனிட்டையும் 28 யூனிட்டையும் அப்படியே எடையாக வைத்தால் 3.66 வரும், இதுவும் தவறுதான், ஏனெனில் டி ஆன்சா குவார்ட்டர் முறையிலும் பெர்க்லி செமஸ்டர் முறையிலும் இயங்குகின்றன. ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 90 குவார்ட்டர் யூனிட் 60 செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். எனவே 60-ஐ 3.82-ஆலும் 28-ஐ 3.14-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 317.12, அதை 88-ஆல் வகுத்தால் 3.60. இந்த எண்ணை எழுதுவதானால் ‘இரு கல்லூரிகளும் சேர்ந்த ஜிபிஏ’ என்று பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத 3.60 எந்த டிரான்ஸ்கிரிப்டிலும் இல்லாத எண்ணாக நிற்கும். சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் எழுவதில் வியப்பில்லை.

மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவது பலருக்கும் நேர்வது. பாடத்தின் வேகமும் தேர்வு முறையும் வேறு. உடன் படிப்போரும் புதியவர்கள். அந்தச் சரிவை எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை. வேலை தருபவர் கேட்காதவரை ஜிபிஏவை எழுதியே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை; இரண்டு எண்களையும் விட்டுவிடுவது முற்றிலும் நேர்மையானது. பழைய கல்லூரியின் உயர்ந்த எண்ணை மட்டும் எழுதி, புதியதை விட்டுவிடுவதும் பொய் ஆகாது. ஆயினும் இரண்டு செமஸ்டர் முடிந்த பிறகு அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்காணலில் வரும் முதல் கேள்வியே அந்த வெற்றிடத்தைப் பற்றியதாக இருக்கக்கூடும்.

இணைய விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஜிபிஏவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். வேறு விளக்கம் இல்லையென்றால், பட்டம் வழங்கப்போகும் பல்கலைக்கழகத்தின் எண்ணையே அதில் இட வேண்டும். படித்த எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துக் கேட்டிருந்தால் மேலே காட்டிய கணக்கைச் செய்ய வேண்டும். சில மேற்படிப்பு விண்ணப்பங்களில் மாணவரே கணக்கிட இடமே தரப்படுவதில்லை: மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், மாணவர் அமெரிக்காவில் படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும் வாங்கி, திரும்ப எழுதிய பாடங்களின் பழைய மதிப்பெண்களையும் சேர்த்துத் தானே ஜிபிஏவைக் கணக்கிடுகிறது.

தசமத்தை முழுமையாக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஜிஎஸ்-7 என்ற ஊதிய நிலைப் பணிகளுக்கு, படிப்பில் சிறந்தவர் என்ற தகுதியைப் பெறும் வழிகளுள் ஒன்று ஜிபிஏ 3.0 அல்லது அதற்கு மேல் இருப்பது. அங்கே 2.95 என்பதை 3.0 ஆகக் கொள்ளலாம், 2.94 என்பது 2.9 தான் என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. மற்ற இடங்களில் டிரான்ஸ்கிரிப்டில் உள்ள இரண்டு தசமங்களை அப்படியே எழுதிவிடுவது நல்லது. 3.46-ஐ 3.5 என்று எழுதுவதைப் பலர் ஏற்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் 3.5-ஐத்தான் குறைந்தபட்சமாக வைத்திருந்தால், கூட்டி எழுதிய அந்த 0.04 தான் உங்களை உள்ளே விட்டது என்று ஆகிவிடும்.

பட்டங்கள், பாராட்டுகள் ஆகியவற்றுக்கும் இதே ஒழுங்குதான். கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் வாங்காமல் மாறியிருந்தால் அதை எழுதக் கூடாது. முடித்த யூனிட்டுகளைச் சொல்லலாம். பட்டத்தையும் படித்த காலத்தையும் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற சரிபார்ப்பு அமைப்பு வழியாக நிறுவனங்கள் சரிபார்க்க முடியும். டி ஆன்சாவில் கிடைத்த டீன்ஸ் லிஸ்ட் பாராட்டு டி ஆன்சாவின் கீழேதான் வர வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து நேரடியாக அமெரிக்கக் கல்லூரிக்கு மாறியவர்கள், 10-க்கு 8.2 என்ற சிஜிபிஏவைத் தாமாகவே 4-க்கு மாற்றி எழுதாமல் ‘8.2/10’ என்றே எழுத வேண்டும். மாற்றிய எண் தேவைப்பட்டால் டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கையில் உள்ளதை, அவர்கள் பெயரோடு குறிப்பிடலாம்.

தவறான எண்ணோடு ரெஸ்யூமே ஏற்கெனவே போய்விட்டது என்றால், அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ‘நான் அனுப்பிய ரெஸ்யூமேயில் முந்தைய கல்லூரியின் ஜிபிஏ தற்போதைய பல்கலைக்கழகத்தின் கீழ் இடம்பெற்றுவிட்டது. திருத்திய பிரதியை இணைத்துள்ளேன்’ என்ற இரண்டு வரி மின்னஞ்சல் போதும். அதே நாளில் லிங்க்ட்இன், மாணவர்களுக்கான வேலைவாய்ப்புத் தளமான ஹேண்ட்ஷேக் ஆகியவற்றில் உள்ள பக்கங்களையும் திருத்திவிட வேண்டும். பழைய எண் பெரும்பாலும் அங்கேதான் மறந்துபோய்க் கிடக்கும்.