பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில், அமெரிக்காவில் வார இறுதி ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக, மேலே வளைத்துப் போடும் வகை) ஆட்டங்களில் பல வருடம் ஆடிவிட்டு, இப்போது சிறுமிகளின் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக வீசும் வகை) அணிக்குப் பயிற்சி தரப் போகிறீர்கள் என்றால், முதலில் பந்தைக் கவனியுங்கள். பெரியவர்களின் பந்து பொதுவாக 12 அங்குலச் சுற்றளவு. 10 வயதுக்குட்பட்டோருக்கு 11 அங்குலம்தான். உங்கள் பழைய பந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சின்னக் கைக்குப் பிடி கிடைக்காமல், பந்தை உள்ளங்கையால் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மாற்றுவது பெரும்பாடு.

அப்புறம், பயம். பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. கையுறையைக் கழற்றச் சொல்லிவிட்டு டென்னிஸ் பந்தை எடுங்கள். நீங்கள் நின்றபடி போட்டால் பந்து மேலிருந்து இறங்கி முகத்துக்கு வரும். அதனால் ஒரு காலை மண்டியிட்டு, பத்தடி தூரத்திலிருந்து, கையைக் கீழிருந்து வீசி, அவர்கள் மார்புக்கு நேராக மெதுவாகப் போடுங்கள். பந்து இடுப்புக்கு மேலே வந்தால் விரல்கள் மேல்நோக்கி, கீழே வந்தால் தரையை நோக்கி. இரண்டு கையாலும் பிடிக்கட்டும். கண்ணை மூடாமல் பிடிக்க ஆரம்பித்த பிறகு கையுறை, அதற்கும் பிறகுதான் நிஜப் பந்து. இதில் அவசரமே வேண்டாம்; பேட்டிங்கை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.